‘இனந்தெரியாதோர்’ என்ற சொல்லுக்குப் பின்னால்: யாழ்ப்பாணம் முதல் காசா வரை உள்ளூர் நிருபர்கள் இலக்காவது ஏன்?

2006ஆம் ஆண்டு மே 3. உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள் விழாவை யுனெஸ்கோ அமைப்பு அவ்வாண்டு இலங்கையின் கொழும்பு நகரில் நடத்தியது. பத்திரிகைச் சுதந்திரத்துக்கான யுனெஸ்கோ விருதைப் பெற்றவர் மே சிடியாக். லெபனானைச் சேர்ந்த எல்.பி.சி. என்ற அரபு மொழித் தனியார் தொலைக்காட்சியின் செய்தி வாசிப்பாளர். 2005 செப்டம்பர் 25 அன்று அவரது காரில் பொருத்தப்பட்டிருந்த குண்டு வெடித்ததில் இடது கையையும் இடது காலையும் இழந்தவர்.

விழாவுக்கு முந்தைய நாள் மாலை. கொழும்பிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே, யாழ்ப்பாணத்தில் இயங்கும் ‘உதயன்’ நாளிதழ் அலுவலகத்துக்குள் துப்பாக்கிகளுடன் சிலர் நுழைந்தனர். விற்பனைப் பிரிவு மேலாளரும் மற்றொரு ஊழியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கணினிகளும் மேசைகளும் குண்டுகளால் துளைக்கப்பட்டன. மறுநாள் காலை உதயன் வெளிவந்தது.

உலக நாடுகளின் பத்திரிகையாளர்கள் கூடியிருந்த அதே நாட்டில், அதே வாரத்தில் இது நடந்தது. ஆனால் சுட்டவர்கள் எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.

போர்ப் பகுதிகளில் பணியாற்றும் பத்திரிகையாளர்களுக்கு நேரும் ஆபத்து என்றால், அண்மைக் காலத்தில் வாசகர்களின் நினைவுக்கு முதலில் வருவது கத்தாரின் அரபு மொழித் தொலைக்காட்சியான அல் ஜசீராவும் காசாவில் கொல்லப்பட்ட அதன் நிருபர்களும்தான். அதே கதையின் தமிழ் வடிவம் நம் கடலுக்கு அப்பால் ஏற்கெனவே நிகழ்ந்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஆபத்து யாரை முதலில் தேடி வருகிறது என்பது தெளிவாகும்.

அலுவலகமே வீடு

1985ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட உதயன், உள்நாட்டுப் போர்க் காலம் முழுவதும் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்குச் செய்தி கொண்டுசென்ற ஏடு. அதன் நிறுவனர் ஈ.சரவணபவன். நீண்டகால ஆசிரியர் ம.வ.கானமயில்நாதன். கொழும்பிலிருந்து வெளிவந்த ‘சுடர் ஒளி’ அதன் சகோதர ஏடு.

2006 மே தாக்குதல் தொடக்கம் மட்டுமே. அவ்வாண்டு ஆகஸ்ட் 11 அன்று போர் மீண்டும் மூண்டதும் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. குடாநாட்டுக்கும் தெற்குக்கும் இடையிலான தரைவழித் தொடர்பு அறுந்தது. அரிசியும் மண்ணெண்ணெயும் தட்டுப்பாடான ஊரில் அச்சுத் தாளும் மையும் எங்கிருந்து கிடைக்கும்? உதயன் பக்கங்களையும் பிரதிகளையும் குறைத்துக்கொண்டது. அதே மாதத்தில் நாளிதழ்க் கட்டுகளை எடுத்துச் சென்று திரும்பிய வாகன ஓட்டுநர் சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி எழுதுபவர் மட்டுமல்லாமல், அதை ஏற்றிச் செல்பவரும் இலக்குதான் என்பது அன்று புரிந்தது.

2007 ஏப்ரல் 29 அன்று இளம் நிருபர் செல்வராசா ரஜிவர்மன் மோட்டார் சைக்கிளில் வந்தவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அலுவலகத்துக்கு வெகு அருகில் அது நடந்தது. குற்றச் செய்திகள் அவருடைய பொறுப்பு. காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் போய், நேற்று யார் கொல்லப்பட்டார், யார் காணாமல் போனார் என்று விவரம் சேகரித்து வருவது அவரது அன்றாடப் பணி. அமைதியான ஓர் ஊரில் புதிதாகச் சேரும் நிருபருக்குத் தரப்படும் முதல் வேலை அது. அன்றைய யாழ்ப்பாணத்திலோ, அதைவிட ஆபத்தான வேலை வேறொன்றும் இருந்திருக்க முடியாது. கொலைகளை எண்ணுபவரைக் கொலையாளிகள் விரும்புவதில்லை.

இதற்குப் பிறகு உதயனில் மூத்தவர்கள் வீட்டுக்குப் போவதை நிறுத்தினர். ஆசிரியர் கானமயில்நாதன் ஆண்டுக்கணக்கில் அலுவலகத்திலேயே உண்டு, உறங்கி, நாளிதழை நடத்தினார். செய்தி ஆசிரியர் ஞானசுந்தரம் குகநாதனும் அவ்வாறே இருந்தார். போர் 2009 மே மாதம் முடிவுக்கு வந்தது. இனி அச்சமில்லை என்று நம்பிய காலத்தில், 2011 ஜூலை 29 அன்று இரவு, குகநாதன் வீடு நோக்கி நடந்து செல்லும்போது இரும்புக் கம்பிகளால் தாக்கப்பட்டுப் படுகாயமடைந்தார். போர்க்காலம் முழுவதும் அலுவலகச் சுவர்களுக்குள் தப்பியிருந்தவர், சமாதானக் காலத்தில் தெருவில் வீழ்த்தப்பட்டார்.

2013 ஏப்ரல் 3 அன்று கிளிநொச்சிக் கிளை அலுவலகம் முகமூடி அணிந்தவர்களால் அடித்து நொறுக்கப்பட்டது. பத்து நாள் கழித்து, ஏப்ரல் 13 அதிகாலையில், யாழ்ப்பாண அச்சகத்துக்குள் ஆயுதங்களுடன் புகுந்தவர்கள் அச்சு இயந்திரத்தைச் சுட்டு, தீ வைத்தனர். உதயன் அலுவலகத்துக்குச் சென்று வந்த வெளிநாட்டு நிருபர்கள் பலரும் ஒரு காட்சியைத் தவறாமல் எழுதியிருக்கிறார்கள்: குண்டு துளைத்த சுவர்கள் பூசப்படாமல் விடப்பட்டுள்ளன, கொல்லப்பட்ட ஊழியர்களின் படங்கள் மாட்டப்பட்டுள்ளன.

அந்த ஒரு சொல்

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்களுக்கு ஈழத்துத் தமிழ் ஏடுகளில் ஒரு சொல் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். சுட்டவர், கடத்தியவர், தீ வைத்தவர் யாரென்று அறிவிக்கப்படாதபோது தமிழ்நாட்டு நாளிதழ்கள் ‘மர்ம நபர்கள்’ என்று எழுதும். இலங்கையில் அது ‘இனந்தெரியாதோர்’. இங்குள்ள வாசகர் அதைக் கண்டு, தமிழரா சிங்களவரா என்று தெரியவில்லை எனப் பொருள் கொள்ளக்கூடும். அப்படியில்லை. ‘இனங்காணுதல்’ என்றால் ஈழத் தமிழில் அடையாளம் காணுதல். ‘இனந்தெரியாதோர்’ என்றால் இன்னார் என்று அறியப்படாதவர்.

ஊரடங்கு அமலில் இருக்கும் நகரில், சோதனைச் சாவடிகளுக்கு நடுவில், இரவில் வாகனத்தில் வந்து சுட்டுவிட்டுத் திரும்பக்கூடியவர் யார் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்வார். எழுதியவருக்கும் தெரியும். ஆயினும் அச்சில் வரக்கூடியது அந்த ஒரு சொல் மட்டுமே. அதைத் தாண்டி எழுதியவர்களுக்கு நேர்ந்தவை பதிவாகியுள்ளன.

2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். கையெறி குண்டு வெடித்து இறந்தார்கள் என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. சுடர் ஒளியின் திருகோணமலை நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்கள் வெளியாயின. தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காயங்கள் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன. மூன்று வாரங்கள் கழித்து, ஜனவரி 24 காலை, வேலைக்குப் புறப்பட்ட சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த சிறப்பு அதிரடிப் படையினர் 13 பேரும், சாட்சியங்கள் போதவில்லை என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர்.

அவருக்கு முன்பே மயில்வாகனம் நிமலராஜன் இருந்தார். பி.பி.சி.யின் தமிழ், சிங்களச் சேவைகளுக்கும் வீரகேசரிக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பியவர். வெளியூர் நிருபர்கள் எளிதில் நுழைய முடியாத குடாநாட்டில் என்ன நடக்கிறது என்பதை வெளியுலகம் பெரிதும் அவர் குரலில்தான் கேட்டது. 2000 அக்டோபர் நாடாளுமன்றத் தேர்தலில் நடந்த முறைகேடுகளை அவர் வெளிக்கொணர்ந்தார். அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், வீட்டில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியே சுட்டனர். வீசப்பட்ட கையெறி குண்டில் பெற்றோரும் மருமகனும் காயமடைந்தனர்.

பட்டியல் நீளமானது. 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகில் சடலமாகக் கிடைத்த தமிழ்நெட் ஆசிரியர் தர்மரத்தினம் சிவராம். 2008 மே மாதம் யாழ்ப்பாணத்தில் வெட்டிக் கொல்லப்பட்ட, சக்தி தொலைக்காட்சிக்குச் செய்தி வழங்கிய பரநிருபசிங்கம் தேவகுமார். அந்தத் தமிழ்த் தொலைக்காட்சி சார்ந்த எம்.டி.வி. குழுமத்தின் ஒளிபரப்பு நிலையம் 2009 ஜனவரி 6 அதிகாலையில் ஆயுததாரிகளால் தகர்க்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க கொழும்பு வீதியில் கொல்லப்பட்டார். அவர் சிங்களவர். 2004க்கும் 2010க்கும் இடைப்பட்ட காலத்தில் கொல்லப்பட்டவர்களாக ஊடக அமைப்புகள் தொகுத்துள்ள பட்டியலில் 40க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. மிகப் பெரும்பாலோர் தமிழர்.

எல்லாக் கொலைகளும் ஒரு தரப்பின் கணக்கில் எழுதக்கூடியவை அல்ல. 2005 ஆகஸ்டில் வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளர் ரேலங்கி செல்வராஜாவும் கணவரும் கொழும்பில் கொல்லப்பட்டபோது சந்தேகம் விடுதலைப் புலிகள் மீது விழுந்தது. புலிகள் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்த பகுதிகளில் அவர்களை விமர்சிக்கும் ஏடு எதுவும் இயங்கியதில்லை. இதைச் சொல்லாமல் உதயனின் கதையை மட்டும் சொல்வது பாதி உண்மையாகவே இருக்கும்.

தோஹாவிலிருந்து ஒரு குரல்

அல் ஜசீரா 1996 நவம்பர் 1 அன்று கத்தார் தலைநகர் தோஹாவிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. பணம் கத்தார் அமீருடையது. ஊழியர்களில் பலர், அவ்வாண்டு ஏப்ரலில் மூடப்பட்ட பி.பி.சி. அரபுத் தொலைக்காட்சியிலிருந்து வந்தவர்கள். அதுவரை அரபு நாடுகளின் தொலைக்காட்சிச் செய்தி என்பது பெரும்பாலும் மன்னர் யாரை வரவேற்றார், அதிபர் எந்தக் கட்டடத்தைத் திறந்தார் என்பதாகவே இருந்தது. எதிர்த் தரப்பினரை நேரலையில் அமர்த்தி வாதிட வைத்த அல் ஜசீராவை அண்டை அரசுகள் வெறுத்தன. 2017இல் சவூதி அரேபியா உள்ளிட்ட நான்கு நாடுகள் கத்தாருடன் உறவை முறித்தபோது, அல் ஜசீராவை மூடுவது அவற்றின் நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது.

2001 நவம்பரில் அதன் காபூல் அலுவலகம் அமெரிக்கக் குண்டுவீச்சில் தகர்ந்தது. 2003 ஏப்ரல் 8 அன்று பாக்தாத் அலுவலகக் கூரையில் நின்றிருந்த நிருபர் தாரிக் அய்யூப் அமெரிக்க ஏவுகணைத் தாக்குதலில் உயிரிழந்தார். அலுவலகம் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்ததாக நிறுவனம் கூறியது. வேண்டுமென்றே தாக்கவில்லை என்பது அமெரிக்காவின் பதில். ஒளிப்பதிவாளர் சமி அல் ஹாஜ் எந்த வழக்கும் தொடரப்படாமல் குவான்டனாமோ சிறையில் 2008 வரை அடைபட்டிருந்தார்.

2022 மே 11 அன்று மேற்குக் கரையின் ஜெனின் நகரில் ஷிரீன் அபு அக்லே சுடப்பட்டார். 1997 முதல் அல் ஜசீராவில் பணியாற்றியவர். ஒரு தலைமுறை அரபு மக்கள் அறிந்த முகம். ‘பத்திரிகை’ என்று எழுதிய நீல நிறக் கவச உடை அவர் உடலில் இருந்தது. இஸ்ரேல் வீரரின் குண்டு தவறுதலாகப் பட்டிருக்கப் பெரிதும் வாய்ப்பு உண்டு என்று நான்கு மாதம் கழித்து இஸ்ரேல் ராணுவம் ஒப்புக்கொண்டது. எவர் மீதும் வழக்கு இல்லை.

காசாப் போர் இவை அனைத்தையும் மிஞ்சியது. 1992 முதல் புள்ளிவிவரம் சேகரிக்கும் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு, தன் பதிவுகளில் பத்திரிகையாளர்களுக்கு இதைவிடக் கொடிய போர் இல்லை என்கிறது. அல் ஜசீராவின் காசா அலுவலகத் தலைவர் வாயில் தஹ்தூஹ், மனைவியும் மகனும் மகளும் பேரனும் கொல்லப்பட்ட செய்தியை 2023 அக்டோபர் 25 அன்று பணியில் இருக்கும்போதே அறிந்தார். டிசம்பரில் அவருடன் இருந்த ஒளிப்பதிவாளர் சாமர் அபுதக்கா இறந்தார். தஹ்தூஹ் காயத்துடன் தப்பினார். 2024 ஜனவரி 7 அன்று, அவரைப் போலவே பத்திரிகையாளரான மூத்த மகன் ஹம்ஸா கொல்லப்பட்டார். 2025 ஆகஸ்ட் 10 அன்று அல் ஷிபா மருத்துவமனை அருகே பத்திரிகையாளர் கூடாரம் தாக்கப்பட்டதில் அனஸ் அல் ஷரீப், முகமது குரைக்கே உள்ளிட்டோர் உயிரிழந்தனர்.

அல் ஷரீபைத் தாக்கியதை இஸ்ரேல் மறுக்கவில்லை. அவர் ஹமாஸ் அமைப்பின் ஆயுதக் குழுத் தலைவர் என்று குற்றம் சாட்டியது. அல் ஜசீரா அதை மறுத்தது. அவர் மீது இத்தகைய பிரசாரம் நடப்பதாகவும், அவர் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றும் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு சில வாரங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது.

இலங்கைச் செய்திகளைத் தொடர்ந்து வாசித்தவர்களுக்கு இது பழகிய பாதை. அங்கே தமிழ் நிருபருக்கு முதலில் ‘புலி’ என்ற பட்டம் சூட்டப்படும். மற்றவை பின்னால் வரும். பத்தி எழுத்தாளர் ஜெ.எஸ்.திசைநாயகத்துக்கு, மாத இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 2009 ஆகஸ்டில் 20 ஆண்டு கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. சர்வதேச எதிர்ப்புக்குப் பின் 2010இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

சுதந்திரமானவையா இந்த ஊடகங்கள்?

இக்கேள்வி எழுவது இயல்பே. அல் ஜசீரா கத்தார் அரசின் பணத்தில் நடப்பது; பிற நாட்டு ஆட்சியாளர்களிடம் காட்டும் கண்டிப்பைத் தோஹாவிடம் அது காட்டியதில்லை. உதயன் நிறுவனர் சரவணபவன் 2010இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அந்த ஏட்டின் அரசியல் சார்பு யாருக்கும் மறைவானதல்ல.

ஆனால் உரிமையாளரின் அரசியல் வேறு. பிணவறைக்குச் சென்று காயத்தைப் படமெடுக்கும் நிருபரின் வேலை வேறு. சுகிர்தராஜனின் படங்கள் பொய்யென்று எவரும் நிரூபிக்கவில்லை. சட்டமும் இவ்வாறே பிரித்துப் பார்க்கிறது. ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறை, 79ஆவது பிரிவில், போர்ப் பகுதியில் பணியாற்றும் பத்திரிகையாளரைப் பொதுமக்களில் ஒருவராகவே கருத வேண்டும் என்கிறது. சண்டையில் நேரடியாகப் பங்கெடுத்தால் மட்டுமே அப்பாதுகாப்பு நீங்கும். ஒரு தரப்புக்குச் சாதகமாகச் செய்தி வாசிப்பது சண்டையில் பங்கெடுப்பதாகாது.

வெளியேற முடியாதவர்கள்

யாழ்ப்பாணத்தையும் காசாவையும் இணைப்பது மொழி. ஆங்கிலத்தில் எழுதும் வெளிநாட்டு நிருபர் வந்து, பார்த்து, எழுதிவிட்டு விமானம் ஏறுவார். அவர் எழுதியதை உள்ளூர் அதிகாரியோ ஆயுதக் குழுவோ படிக்காமலே போகலாம். உள்ளூர் மொழியில் எழுதுபவரை மறுநாள் காலை தேநீர்க் கடையில் எல்லோரும் படிப்பார்கள். அவர் வீடு எது, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், எந்த வழியில் சைக்கிளில் வருவார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் குடுபல்லி, குப்பம் பகுதியிலும் இதுவே நிலை. நிருபர் வீட்டுக்கு வழி கேட்டால் கைகாட்ட யாரும் தயங்க மாட்டார்கள். அமைதியான காலத்தில் அது ஒரு மரியாதை.

போர் முற்றும்போது வெளியார் அகற்றப்படுகிறார்கள். 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளை வன்னியிலிருந்து வெளியேறுமாறு இலங்கை அரசு பணித்தது. இறுதிப் போரைச் சுயேச்சையான செய்தியாளர் எவரும் அருகிருந்து பார்க்க இயலவில்லை. 2023 அக்டோபருக்குப் பின் காசாவுக்குள் வெளிநாட்டுச் செய்தியாளர்களை, ராணுவத்துடன் செல்லும் குறுகிய பயணங்கள் தவிர, இஸ்ரேல் அனுமதிக்காமல் தடுத்தது. அப்போது மிஞ்சுபவர் உள்ளூர்க்காரர் ஒருவரே. உலகத்துக்கே அவர்தான் கண். அந்தக் கண்ணை மூடினால் போதும் என்பது கணக்கு.

இது போர் நடக்கும் நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் உள்ளூர் யூடியூப் அலைவரிசை நடத்திய முகேஷ் சந்திராகரின் உடல், 2025 ஜனவரி 3 அன்று ஒப்பந்ததாரர் ஒருவருக்குச் சொந்தமான இடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குள் கிடைத்தது. சாலைப் பணியில் நடந்த முறைகேடு குறித்த செய்திக்கு அவர் உதவியிருந்தார். அந்த ஒப்பந்ததாரர் கைது செய்யப்பட்டார். இங்கு கைதாவது நடந்தது. பத்திரிகையாளர் கொலைகளில் சுமார் 85 விழுக்காடு தண்டனையின்றியே போகின்றன என்று யுனெஸ்கோ 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

21 ஆண்டுகளுக்குப் பின் ஒரு கைது

நிமலராஜன் கொலை வழக்கைத் தொடர்வதில்லை என 2021இல் இலங்கைச் சட்டமா அதிபர் திணைக்களம் முடிவெடுத்தது. சந்தேக நபர்கள் விடுவிக்கப்பட்டனர். வழக்கு அத்துடன் முடிந்ததாகவே தோன்றியது.

2022 பிப்ரவரியில் எதிர்பாராத இடத்திலிருந்து செய்தி வந்தது. இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயரில் 48 வயது நபர் ஒருவரை லண்டன் பெருநகரக் காவல்துறையின் போர்க்குற்றப் பிரிவு கைது செய்தது. போர்க்குற்றம் எங்கு நடந்திருந்தாலும் பிரிட்டன் சட்டப்படி அங்கு விசாரிக்க முடியும். அவர் பின்னர் விடுவிக்கப்பட்டு, விசாரணை தொடர்வதாகக் காவல்துறை தெரிவித்தது. இந்தக் கொலை பற்றி அறிந்தவர்கள் பிரிட்டனில் வசிக்கக்கூடும் என்றும், அவர்கள் முன்வந்து தகவல் தர வேண்டும் என்றும் அது கேட்டுக்கொண்டது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் 19 அன்று பத்திரிகையாளர்கள் நிமலராஜன் படத்துக்கு விளக்கேற்றி அஞ்சலி செலுத்துகின்றனர்.